உலகக் கோப்பைக் கால்பந்து 2026: எப்போதாவது பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வாராவாரம் கிளப் ஆட்டங்களைப் பார்ப்பவர்களுக்கு இந்தப் பக்கம் தேவைப்படாது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, எல்லோரும் இதையே பேசுகிறார்களே என்று தொலைக்காட்சி முன் வந்து உட்காருபவர்களுக்காக எழுதியது இது. ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளில் 16 நகரங்களில் மொத்தம் 104 ஆட்டங்கள். அத்தனையும் பார்க்க வேலையை விட்டால்தான் முடியும். ஆகவே எதைப் பார்ப்பது, எதை விடுவது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. என் யோசனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு நட்சத்திர வீரரைப் பிடித்துக்கொள்வதைவிட, ஒரு பிரிவைப் பிடித்துக்கொள்ளுங்கள். காரணம் கீழே வருகிறது.

போட்டி எப்படி அமைந்திருக்கிறது?

48 அணிகள். ஏ முதல் எல் வரை 12 பிரிவுகள், பிரிவுக்கு நான்கு அணிகள். ஒவ்வோர் அணியும் தன் பிரிவில் உள்ள மற்ற மூன்று அணிகளுடன் ஒரு முறை மோதும். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1 புள்ளி. ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு இடங்களைப் பிடிக்கும் அணிகள் நேராக அடுத்த சுற்றுக்குப் போகும். மூன்றாம் இடம் பிடித்த 12 அணிகளில் சிறந்த எட்டு அணிகளும் உடன் போகும். இப்படிச் சேரும் 32 அணிகளுக்கு அதன் பிறகு எல்லாமே நாக்-அவுட்தான்: தோற்றால் வீட்டுக்கு.

1998 முதல் 2022 வரை 32 அணிகள்தான் ஆடின. ஏழு ஆட்டங்களில் கோப்பை கைக்கு வந்தது. இனி எட்டு ஆட்டங்கள் ஆட வேண்டும்.

மூன்றாவதாக வந்த அணிக்கும் வாய்ப்பா? இது நியாயமா?

ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பையை, அதுவும் 2016இல் நடந்ததைக் கேளுங்கள். போர்ச்சுகல் லீக் சுற்றில் ஐஸ்லாந்து, ஆஸ்திரியா, ஹங்கேரி மூன்றுடனும் டிரா செய்து, ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாமல் மூன்றாம் இடத்தில் தொற்றிக்கொண்டு மேலே போனது. பிறகு குரோஷியாவைக் கூடுதல் நேரத்திலும் போலந்தை பெனால்டியிலும் சாய்த்தது. இறுதியில் பிரான்சை, அதன் சொந்த மண்ணிலேயே, கூடுதல் நேரத்தில் வென்று கோப்பையை எடுத்துக்கொண்டது. அந்தத் தொடர் முழுவதிலும் 90 நிமிடத்துக்குள் அது வென்றது வேல்சுக்கு எதிரான ஒரே ஓர் ஆட்டம்தான்.

நியாயமா என்றால், ஒரு குறை இருக்கத்தான் செய்கிறது. முன்கூட்டியே ஆடி முடிக்கும் பிரிவுகளுக்கு எத்தனை புள்ளி போதும் என்று தெரியாது. கடைசியில் ஆடும் பிரிவுகளுக்கு அந்தக் கணக்கு கையில் இருக்கும். சிறிய நாடுகளுக்கு இடம் கிடைக்கிறது என்ற ஒரு நன்மைக்காக இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒன்றரை லட்சம் பேரே வாழும் குராசோ தீவு இந்தமுறை ஆடுகிறது. கேப் வெர்டி, ஜோர்தான், உஸ்பெகிஸ்தான் ஆகிய நாடுகளுக்கும் இதுவே முதல் உலகக் கோப்பை.

நம் நேரப்படி எப்போது பார்க்கலாம்?

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுவார்கள். நியூயார்க் நேரத்தைவிட இந்திய, இலங்கை நேரம் ஒன்பதரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே நண்பகல் 12 மணி என்றால் நமக்கு இரவு ஒன்பதரை. அங்கே மாலை 3 மணி ஆட்டம் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. 6 மணி ஆட்டம் அதிகாலை மூன்றரை. இரவு 9 மணி ஆட்டம் காலை ஆறரை. மேற்குக் கடற்கரை நகரங்களான லாஸ் ஏஞ்சல்ஸ், வான்கூவர் போன்றவற்றுக்கு வித்தியாசம் பன்னிரண்டரை மணி. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் நம் நேரத்தோடு இரண்டரை மணியைக் கூட்டிக்கொள்ளவும்.

தேதியும் மாறிவிடும் என்பதை மறக்க வேண்டாம். நியூயார்க்கை ஒட்டிய நியூஜெர்சியில் ஜூலை 19 ஞாயிறு மாலை 3 மணிக்குத் தொடங்கும் இறுதி ஆட்டம் நமக்கு ஜூலை 20, திங்கள் அதிகாலை 12.30. ஞாயிறு இரவு சாப்பிட்டுவிட்டு விழித்திருக்க வேண்டும். திங்கள் இரவு வந்து உட்கார்ந்தால் மறு ஒளிபரப்புதான் கிடைக்கும். திங்கட்கிழமை விடுப்பை இப்போதே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

அதென்ன, ஒரு பிரிவைப் பிடித்துக்கொள்வது?

ஒரு வீரரையோ ஒரு நாட்டையோ மட்டும் பின்தொடர்ந்தால் அந்த அணி மூன்றே ஆட்டங்களில் வெளியேறிவிடலாம். அதோடு உங்கள் ஆர்வமும் போய்விடும். தினமும் கண்ணில் பட்ட ஆட்டத்தைப் பார்த்தால் எதிலும் பிடிப்பு இருக்காது. ஒரு பிரிவை எடுத்துக்கொண்டால் நான்கு அணிகள், ஆறு ஆட்டங்கள், சுமார் பன்னிரண்டு நாள். முதல் ஆட்டம் முடிந்ததுமே நான்கு அணிகளின் கணக்கும் உங்களுக்கு மனப்பாடமாகிவிடும். ஒவ்வோர் அணியின் மூன்றாவது ஆட்டம் வரும்போது, யார் எத்தனை கோல் அடித்தால் யார் தப்பிப்பார் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு நீங்களே விளக்குவீர்கள்.

அப்படியானால் எந்தப் பிரிவு?

சி பிரிவு. பிரேசில், மொராக்கோ, ஸ்காட்லாந்து, ஹைத்தி.

ஐந்து முறை கோப்பையை வென்ற பிரேசிலை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மொராக்கோ 2022இல் அரையிறுதி வரை வந்த முதல் ஆப்பிரிக்க நாடு. அரையிறுதிக்கு முன் அது வாங்கியது ஒரே கோல், அதுவும் தன் சொந்த வீரரின் காலில் பட்டுப் போனது. ஹைத்தி இதற்கு முன் ஆடியது 1974இல் மட்டும். அந்த ஆண்டு இத்தாலியின் கோல்கீப்பர் டீனோ சோஃப் 1,142 நிமிடங்களாகச் சர்வதேச ஆட்டங்களில் ஒரு கோலும் வாங்காமல் இருந்தார். ஹைத்தியின் எமானுவேல் சனோன் அதை முடித்துவைத்தார். ஆட்டத்தில் இத்தாலிதான் 3-1 என வென்றது. ஆனால் இன்றும் பேசப்படுவது சனோனின் கோல். இந்தமுறை உள்நாட்டு வன்முறை காரணமாகச் சொந்த மண்ணில் ஒரு தகுதிச் சுற்று ஆட்டமும் ஆட முடியாமல், குராசோவை வீடாகக் கொண்டு ஆடித் தகுதி பெற்றிருக்கிறது.

ஸ்காட்லாந்து 1998க்குப் பிறகு இப்போதுதான் வருகிறது. அந்த ஆண்டும் அதன் பிரிவில் இருந்தவை பிரேசிலும் மொராக்கோவும்தான். நான்காவது அணி நார்வே. 1998 ஜூன் 23 அன்று கடைசி இரண்டு ஆட்டங்களும் பிரான்சில் ஒரே நேரத்தில் நடந்தன. செயின்ட் எத்தியெனில் மொராக்கோ ஸ்காட்லாந்தை நொறுக்கிக்கொண்டிருந்தது. மார்செய் நகரில் பிரேசில் நார்வேயை 1-0 என முந்தியிருந்தது. அந்த நிலை நீடித்தால் மொராக்கோ அடுத்த சுற்றில். டிரா ஆனால்கூடப் போதும். 83ஆம் நிமிடத்தில் நார்வே சமன் செய்தது. ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கும்போது நார்வேக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. ரெக்டால் அதைக் கோலாக்கினார். வேறொரு நகரில் அடிக்கப்பட்ட அந்த ஒரு பந்தால், 3-0 என்று வென்ற மொராக்கோ வெளியேறியது. பழைய பாக்கி இந்தப் பிரிவில் யாருக்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள்.

நம் நேரப்படி ஜூன் 14 ஞாயிறு அதிகாலை மூன்றரைக்கு பிரேசில்-மொராக்கோ. அன்று காலை ஆறரைக்கு ஹைத்தி-ஸ்காட்லாந்து. இரண்டாவதைக் காபியோடு பார்க்கலாம்.

கடைசி ஆட்டங்கள் மட்டும் ஏன் ஒரே நேரத்தில் நடக்கின்றன?

1982இல் ஸ்பெயினின் கிஹோன் நகரில் நடந்த ஓர் அசிங்கம்தான் காரணம். அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியையே வென்றிருந்தது. தன் கடைசி ஆட்டத்தை முந்தைய நாளே ஆடி முடித்துவிட்டது. மறுநாள் ஆடிய மேற்கு ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் கணக்கு வெட்டவெளிச்சம்: ஜெர்மனி ஒன்றிரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் இரண்டு அணிகளும் உள்ளே, அல்ஜீரியா வெளியே. 10ஆம் நிமிடத்தில் ஜெர்மனி ஒரு கோல் அடித்தது. அதன் பிறகு இரண்டு அணியினரும் பந்தைத் தங்களுக்குள் உருட்டிக்கொண்டே நேரத்தைக் கடத்தினார்கள். பார்வையாளர்கள் கைக்குட்டையை ஆட்டி இகழ்ந்தார்கள். அடுத்த உலகக் கோப்பையிலிருந்து ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன.

அந்த விதியால் ரசிகருக்குக் கிடைத்த பெரிய விருந்து 2022 டிசம்பர் 1. ஈ பிரிவில் ஜப்பான்-ஸ்பெயின், ஜெர்மனி-கோஸ்டா ரிகா. பாதி ஆட்டம் முடிந்தபோது ஸ்பெயினும் ஜெர்மனியும் முன்னிலை, எல்லாம் எதிர்பார்த்தபடியே. இடைவேளைக்குப் பிறகு மூன்று நிமிடங்களில் ஜப்பான் இரண்டு கோல் அடித்தது. 70ஆம் நிமிடத்தில் கோஸ்டா ரிகா 2-1 என முந்தியபோது, முன்னாள் சாம்பியன்களான ஸ்பெயின், ஜெர்மனி இரண்டுமே வெளியேறும் நிலை. மூன்று நிமிடம் நீடித்தது அது. பிறகு ஜெர்மனி மூன்று கோல் அடித்து 4-2 என வென்றது, ஆனாலும் வெளியேறியது. தோற்ற ஸ்பெயின் உள்ளே போனது. இரண்டுக்கும் நான்கு புள்ளிகள்தான். ஸ்பெயின் தன் முதல் ஆட்டத்தில் கோஸ்டா ரிகாவை 7-0 என்று அடித்துவைத்திருந்தது கைகொடுத்தது.

இப்படிப்பட்ட நாளுக்கு இரண்டு திரைகள் வேண்டும். தொலைக்காட்சியில் ஒன்று, கைப்பேசியில் மற்றொன்று.

புள்ளிகள் சமமானால் யார் மேலே?

கிரிக்கெட்டின் நெட் ரன் ரேட் போல இங்கே கோல் வித்தியாசம்: அடித்ததிலிருந்து வாங்கியதைக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் 2026இல் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. இதுவரை ஒட்டுமொத்தக் கோல் வித்தியாசத்தை முதலில் பார்த்தார்கள். இனி, சமமான அணிகள் தங்களுக்குள் மோதிய ஆட்டத்தின் முடிவே முதலில். அதிலும் சமம் என்றால்தான் மொத்தக் கோல் வித்தியாசம், பிறகு மொத்தக் கோல்கள், பிறகு நடுவர் காட்டிய மஞ்சள், சிவப்பு அட்டைகளின் கணக்கு, கடைசியாக உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் தரவரிசை.

அட்டைக் கணக்குவரை போகுமா என்று கேட்காதீர்கள். 2018இல் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல், நேருக்கு நேர் மோதியது என எல்லாவற்றிலும் சமம். ஜப்பான் வாங்கிய மஞ்சள் அட்டைகள் நான்கு, செனகல் ஆறு. செனகல் வீட்டுக்குப் போனது. அன்று போலந்திடம் 0-1 எனப் பின்தங்கியிருந்த ஜப்பான், இந்தக் கணக்கை நம்பிக் கடைசிப் பத்து நிமிடம் பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தது. கிஹோன் கதை தெரிந்தவர்களுக்கு அது ரசிக்கவில்லை.

ஆஃப்சைடு எப்போதுமே புரியவில்லை.

ஒரே ஒரு கணத்தை மட்டும் பார்த்தால் புரிந்துவிடும்: சக வீரர் பந்தை அடிக்கும் அந்தக் கணம். அப்போது எதிரணியின் பாதியில் நிற்கும் வீரர், பந்தையும் தாண்டி, எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி கோல் கோட்டுக்கு நெருக்கமாக நின்றால் ஆஃப்சைடு. கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர் என்பதால், கண்ணுக்குக் கடைசித் தடுப்பாட்டக்காரரே எல்லைக்கோடு. பந்து வந்து சேரும்போது எங்கே இருக்கிறார் என்பது கணக்கில்லை. அது கிளம்பும்போது எங்கே இருந்தார் என்பதே கணக்கு. கைகளைச் சேர்ப்பதில்லை. பந்து வெளியே போன பின் ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் கார்னர், த்ரோ-இன், கோல் கிக் ஆகியவற்றிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. ஆட்டத்தில் தலையிடாமல் அங்கே சும்மா நிற்பதும் குற்றமில்லை.

2022இல் மைதானக் கூரைக்குக் கீழே 12 கேமராக்கள், பந்துக்குள் விநாடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் ஒரு சென்சார் என்று தொழில்நுட்பம் உள்ளே வந்தது. அந்தத் தொடரின் முதல் கோலே, ஈக்வடார் அடித்தது, ஆஃப்சைடு என்று ரத்தானது. இரண்டு நாள் கழித்து சவுதி அரேபியாவுக்கு எதிராக முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினாவின் மூன்று கோல்கள் அப்படிப் போயின. சவுதியின் தடுப்பாட்டக்காரர்கள் துணிந்து மைதானத்தின் நடுப்பகுதிவரை முன்னேறி நின்றதன் பலன் அது. அர்ஜென்டினா 1-2 எனத் தோற்றது.

நடுவர் காதில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாரே, என்ன நடக்கிறது?

வி.ஏ.ஆர். எனப்படும் காணொளி உதவி நடுவர்கள் திரையைச் சரிபார்க்கிறார்கள். முக்கியமாக கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறிக் கொடுத்த அட்டை ஆகியவற்றில்தான் தலையிடுவார்கள். மைதான நடுவர் ஓரத்துத் திரைக்கு ஓடினால், முடிவு மாறப்போகிறது என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம்.

மேலே சொன்ன ஜப்பானின் இரண்டாவது கோலே நல்ல உதாரணம். கோல் கோட்டின் ஓரத்தில், பந்து வெளியே போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தபோது, மிதோமா சறுக்கிவந்து அதை உள்ளே தட்டினார், தனகா கோலாக்கினார். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குப் பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே பச்சைப் புல் தெரிந்தது. ஆனால் விதிப்படி பந்து முழுவதும் கோடு முழுவதையும் தாண்டினால்தான் வெளியே. தரையைத் தொடும் இடம் தாண்டிவிட்டாலும், பந்தின் வளைந்த வயிறு காற்றில் கோட்டின் மேல் நிற்கலாம். நேர் மேலேயிருந்து எடுத்த படத்தில் மில்லிமீட்டர் கணக்கில் பந்து கோட்டின் மேல் இருந்தது. கோல் செல்லும் என்றார்கள். செல்லாமல் போயிருந்தால் ஜப்பானும் ஜெர்மனியும் நான்கு புள்ளிகளில் நின்றிருக்கும். கோல் வித்தியாசத்தில் ஜெர்மனி போயிருக்கும். 2026 விதி அன்றே இருந்திருந்தாலோ, ஜெர்மனியை நேரில் வென்ற ஜப்பானே போயிருக்கும்.

90 நிமிட ஆட்டம் ஏன் 100ஐத் தாண்டுகிறது?

காயம், ஆள்மாற்றம், வி.ஏ.ஆர்., கோல் கொண்டாட்டம் எல்லாவற்றிலும் வீணான நேரத்தைக் கடைசியில் கூட்டுகிறார்கள். 2022இல் இதைக் கண்டிப்பாக்கினார்கள். இங்கிலாந்து-ஈரான் ஆட்டத்தில் ஈரான் கோல்கீப்பர் தலையில் அடிபட்டதால் முதல் பாதிக்கு மட்டும் 14 நிமிடம் சேர்த்தார்கள். இந்தமுறை ஒவ்வொரு பாதியின் நடுவிலும் மூன்று நிமிடத் தண்ணீர் இடைவேளையும் உண்டு. தண்ணீர் வீரர்களுக்கு, விளம்பரம் நமக்கு.

நாக்-அவுட் சுற்றில் சமன் என்றால் 15 நிமிடம் வீதம் இரண்டு பாதிகள் கூடுதல் நேரம். அதுவும் சமன் என்றால், இரண்டு அணியினரும் கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து மாறி மாறி அடிக்கும் பெனால்டி ஷூட்-அவுட்.

கோலே விழுவதில்லை. எதைத்தான் பார்ப்பது?

பந்து ஓர் அணியிடமிருந்து இன்னோர் அணிக்குக் கைமாறும் அடுத்த ஐந்தாறு விநாடிகளைப் பாருங்கள். பந்தை இழந்த அணியின் ஆட்கள் முன்னால் பரவி நிற்பார்கள். பின்னால் இடம் திறந்து கிடக்கும். பெரிய அணிகளின் வேலை முழுவதும் அந்த இடத்தை எப்படிப் பயன்படுத்துவது, எப்படி மூடுவது என்பதுதான்.

2022 இறுதி ஆட்டத்தில் 36ஆம் நிமிடத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். அர்ஜென்டினா தன் பாதியில் பந்தைக் கைப்பற்றுகிறது. மாக் அலிஸ்டர் மெஸ்ஸிக்கு. மெஸ்ஸி ஒரே தட்டில் அல்வாரஸுக்கு. அல்வாரஸ், நடுவே ஓடிவரும் அதே மாக் அலிஸ்டருக்கு. அவர் கோலைப் பார்க்காமல் இடப்பக்கம் ஓடிவரும் டி மரியாவுக்கு. கோல். பந்தை மட்டும் பார்த்தால் நான்கைந்து பாஸ். மாக் அலிஸ்டரை மட்டும் பார்த்தால், பந்தைக் கொடுத்த கையோடு நிற்காமல் பாதி மைதானம் ஓடியிருக்கிறார். அவரைத் துரத்த பிரான்சில் ஆள் இல்லை.

4-3-3, 4-4-2 என்று வர்ணனையாளர்கள் சொல்வது தடுப்பாட்டம், நடுக்களம், முன்களம் என்ற வரிசையில் ஆட்கள் நிற்கும் கணக்கு. ஆட்டம் தொடங்கியதும் அது கலைந்துவிடும்; அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

மஞ்சள் அட்டைக்கு ஏன் இவ்வளவு பதற்றம்?

ஒரே ஆட்டத்தில் இரண்டு மஞ்சள் என்றால் சிவப்பு. அணி பத்துப் பேரோடு ஆட வேண்டும். வெவ்வேறு ஆட்டங்களில் இரண்டு சேர்ந்தாலும் அடுத்த ஆட்டத்துக்குத் தடை. 2002 அரையிறுதியில் ஜெர்மனியின் மிக்காயேல் பாலக் தென் கொரியாவின் தாக்குதலைத் தடுக்கப்போய் மஞ்சள் வாங்கினார். இறுதி ஆட்டம் தனக்கு இல்லை என்று தெரிந்த பிறகும், சில நிமிடங்களில் அவரே வெற்றிக் கோலை அடித்து அணியை அந்த இறுதி ஆட்டத்துக்கு அனுப்பிவைத்தார். அவர் இல்லாத ஜெர்மனியை பிரேசில் 2-0 என வென்றது. இப்போது காலிறுதியோடு பழைய மஞ்சள் கணக்கை அழித்துவிடுகிறார்கள்.

பெனால்டி ஷூட்-அவுட் வெறும் அதிர்ஷ்டம்தானே?

முழுக்க அப்படியில்லை, முழுக்கத் திறமையும் இல்லை. 2022இல் ஸ்பெயின் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே, உலகக் கோப்பைக்கு வரும் முன் ஒவ்வொருவரும் ஆயிரம் பெனால்டியாவது அடித்துப் பழகி வர வேண்டும் என்று வீட்டுப்பாடம் கொடுத்திருந்ததாகச் சொன்னார். மறுநாள் மொராக்கோவுடன் ஷூட்-அவுட். இதற்காகவே கடைசி நிமிடங்களில் உள்ளே அனுப்பப்பட்ட சராபியா கம்பத்தில் அடித்தார். அடுத்த இருவரின் பந்தையும் மொராக்கோ கோல்கீப்பர் போனோ பிடித்துத் தள்ளினார். ஸ்பெயின் ஒரு கோலும் அடிக்கவில்லை. கடைசிப் பந்தை அஷ்ரஃப் ஹக்கிமி கோல்கீப்பர் பாய்ந்து விழும்வரை பொறுத்து, நடுவில் மெதுவாகத் தூக்கிப் போட்டார்.

அந்த ஹக்கிமி ஸ்பெயினில் பிறந்தவர் என்கிறார்களே?

ஆம், மாட்ரிட்டில் பிறந்தவர்; பெற்றோர் மொராக்கோவிலிருந்து குடியேறியவர்கள். அந்த மொராக்கோ அணியின் 26 பேரில் 14 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிறந்த நாட்டுக்காக ஆட ஃபிஃபா அனுமதிக்கிறது. குராசோ அணியில் பெரும்பாலோர் நெதர்லாந்தில் பிறந்தவர்கள். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஐரோப்பாவில் குடியேறியவர்களின் பிள்ளைகள் அங்கே பயிற்சி பெற்றுத் தாய்நாட்டுக்கு ஆடாமலிருந்தால் மொராக்கோ அரையிறுதிக்கு வந்திருக்காது. எனக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை.

முதல் ஆட்டத்தில் தோற்றால் கதை முடிந்ததா?

இல்லை. 2010இல் ஸ்பெயின் சுவிட்சர்லாந்திடமும், 2022இல் அர்ஜென்டினா சவுதியிடமும் முதல் ஆட்டத்தில் தோற்றன. இரண்டுமே கோப்பையோடு திரும்பின.

இந்தியா ஏன் இல்லை?

1950 பிரேசில் உலகக் கோப்பைக்கு இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. தகுதிச் சுற்றில் எதிரணிகள் விலகிக்கொண்டன. ஆனால் அணி போகவில்லை. வெறுங்காலுடன் ஆட ஃபிஃபா அனுமதிக்காததே காரணம் என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தக் காலத்து அணித்தலைவர் சைலன் மன்னா பின்னாளில் இதை மறுத்தார். இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் கண்ணுக்கு அன்று ஒலிம்பிக்தான் பெரிதாகத் தெரிந்தது. ஒலிம்பிக்கில் நன்றாகவே ஆடினார்கள்: 1956 மெல்போர்னில் நான்காம் இடம். 1960 ரோமில் பெருவுக்கு எதிராக அடித்ததுதான் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல். அதன் பிறகு அந்தப் பக்கமே நாம் போகவில்லை.

2026 தகுதிச் சுற்றில் ஒரு வாய்ப்பு இருந்தது. 2024 ஜூன் 11 அன்று தோஹாவில் கத்தாரை வென்றால் மூன்றாம் சுற்று. இந்தியா 1-0 என முந்தியிருந்தது. 73ஆம் நிமிடத்தில் கோல் கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை உள்ளே இழுத்து கத்தார் கோலாக்கியது. அந்தச் சுற்றில் வி.ஏ.ஆர். கிடையாது; நடுவர் கோல் கொடுத்துவிட்டார். 2-1 என கத்தார் வென்றது. ஜப்பானுக்கு மில்லிமீட்டர் பார்த்துச் சொன்ன விளையாட்டில், இங்கே பார்க்கவே ஆள் இல்லை. தோல்விக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது; ஆப்கானிஸ்தானிடம் சொந்த மண்ணில் தோற்ற அணி அது.

எந்தச் சானலில் வரும்?

ஒவ்வொரு முறையும் உரிமம் கைமாறுகிறது. 2018இல் இந்தியாவில் சோனி காட்டியது, 2022இல் ஜியோசினிமாவில் இலவசமாக வந்தது. போட்டிக்கு ஒரு வாரம் முன்பு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். திருட்டு இணைப்புகளின் பின்னால் போகாதீர்கள். பக்கத்து வீட்டில் கோல் என்று கத்திய பிறகுதான் உங்கள் திரையில் பந்து நடுக்களத்தைத் தாண்டும்.

யார் வெல்வார்கள்?

2022 வரை எட்டு நாடுகள்தான் வென்றிருக்கின்றன: பிரேசில் 5, ஜெர்மனி 4, இத்தாலி 4, அர்ஜென்டினா 3, உருகுவே 2, பிரான்ஸ் 2, இங்கிலாந்து 1, ஸ்பெயின் 1. ஐரோப்பாவையும் தென் அமெரிக்காவையும் தாண்டிக் கோப்பை போனதே இல்லை. இந்தமுறை தரவரிசையில் முதல் நான்கில் இருந்த ஸ்பெயின், அர்ஜென்டினா, பிரான்ஸ், இங்கிலாந்து ஆகியவை தத்தம் பிரிவில் முதலிடம் பிடித்தால் அரையிறுதிக்கு முன் ஒன்றையொன்று சந்திக்காதபடி அட்டவணை போட்டிருக்கிறார்கள். அட்டவணை போடுவது ஃபிஃபாவின் வேலை; அதைக் கலைத்துப்போடுவதற்கென்றே ஒவ்வொரு முறையும் ஓர் அணி வரும்.

லீக் சுற்றுக்குப் பிறகு சில ஆட்டங்களுக்குத்தான் நேரம் இருக்கிறது. எவற்றைப் பார்ப்பது?

காலிறுதிகள். அங்கே ஜூலை 9 முதல் 11 வரை. பலவீனமான அணிகள் போயிருக்கும். அரையிறுதியில் வரும் அளவுகடந்த எச்சரிக்கை இன்னும் வந்திருக்காது. 2022 காலிறுதியில் நெதர்லாந்து அர்ஜென்டினாவிடம் 1-2 எனப் பின்தங்கியிருந்தது. கூட்டிய நேரத்தின் கடைசிக் கட்டத்தில் கோலுக்கு அருகே ஒரு ஃப்ரீ கிக். எல்லோரும் பலமான ஷாட்டை எதிர்பார்த்துச் சுவர் கட்டி நின்றார்கள். நெதர்லாந்துக்காரர்கள் பந்தைத் தரையோடு மெதுவாக உருட்டி வெக்ஹோர்ஸ்டிடம் கொடுக்க, அவர் கோலாக்கினார். தோற்றால் ஊருக்கு விமானம் என்ற நிலையில் அப்படி ஒரு தந்திரத்தைச் செய்துபார்க்க நெஞ்சுரம் வேண்டும். பெனால்டியில் அர்ஜென்டினாவே வென்றது என்பது வேறு விஷயம்.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தை யாராவது பார்ப்பார்களா?

பார்க்கலாம், இழக்க ஒன்றுமில்லாததால் இரண்டு அணிகளும் திறந்து ஆடும். 2022இல் குரோஷியா-மொராக்கோ ஆட்டத்தின் முதல் ஒன்பது நிமிடங்களுக்குள் இரண்டு கோல் விழுந்தன. 2002இல் தென் கொரியா தொடங்கிய பந்தைப் பிடுங்கி, துருக்கியின் ஹக்கன் சுக்குர் 11 விநாடியில் கோல் அடித்தார். உலகக் கோப்பையிலேயே மிக விரைவான கோல் அது. ஆகவே சமையலறைக்குப் போவதானால் தேசியகீதம் பாடும்போதே போய்வந்துவிடுங்கள்.